எரியாத மருந்து

வேண்டாம் அண்ணாச்சி, முறுக்கு வேண்டாம். நல்ல முறுக்காத்தான் இருக்கும், நான் குத்தம் சொல்லல. எனக்கு ஆகாது. முறுக்குன்னு இல்ல, ஓரம் கூரா இருக்க எதுவுமே ஆகாது. நீங்க தின்னுங்க. அந்தப் பக்கம் ஜன்னலப் பாத்துத் தின்னுங்க, அது போதும்.

பைய ஏன் மடியிலயே வச்சிருக்கீங்க? மேல வைக்கலாம்லா? சரி சரி, சும்மா கேட்டேன். முப்பத்திரண்டு வருஷமா கேட்டே பழகின வாய். பத்து வருஷம் கண்டக்டர், மிச்சம் இருபத்திரண்டும் செக்கிங். நாங்க ஒரு வண்டியில ஏறுனா மொதல்ல டிக்கெட்டப் பாக்க மாட்டோம், மொகத்தத்தான் பாப்போம். டிக்கெட் எடுத்தவன் எங்களப் பாப்பான். எடுக்காதவன் ஜன்னலப் பாப்பான். நீங்க இப்ப ஜன்னலப் பாக்கீங்க. அது நான் சொன்னதுனால. தெரியும்.

எங்க போறீங்க, திருநெல்வேலிக்கா? ஜங்ஷன்லயே எறங்கிருவீங்களா, அதத் தாண்டியா? ஆஸ்பத்திரிக்கா! யாருக்கு? அண்ணனுக்கா. என்ன செய்யுது? தொண்டையிலயா. ம். கரண்டு வைக்கச் சொல்லிட்டாங்களா? எத்தன? முப்பத்தஞ்சா? எனக்கு முப்பத்தி மூணு. என்னைக்கி ஆரம்பம்? நாளைக்கா! அப்ப நீரு நான் சொல்லுதத முழுசாக் கேக்கணும். உமக்கு அம்பது இருக்குமா? எனக்கு அறுபத்தி மூணு. உம்மள வேன்னு கூப்புடுதேன், கோச்சுக்காதீரும்.

எம்பேரு ஆவுடையப்பன். வள்ளியூர்தான். அந்தா முன்னால, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, ஊதாச் சேலை கட்டியிருக்காள்லா, அது மரகதம், எம் பொண்டாட்டி. அவளுக்குக் கேக்காது, பாட்டு ஓடுது. அதுக்குத்தான் நான் பின்னால வந்து உக்காந்தேன். அவ காதுபட இதெல்லாம் பேச முடியாது. ஏன்னு நீரே தெரிஞ்சுக்கிடுவீரு.

எனக்கு நாக்குல, இடது ஓரம். வெத்தலை, பொகையிலை. டூட்டி நேரத்துல ரோட்டோரம் வண்டிக்காகக் காத்து நிக்கணும்லா, அதுக்கு ஒரு தொணை. டாக்டர் பாத்துட்டுக் கரண்டுன்னு சொல்லிட்டாரு. கரண்டுன்னா ஷாக்கு இல்ல வே, அண்ணன்ட்ட சொல்லிரும், பயந்துரப் போறாரு. கதிர் பாய்ச்சுத மெஷினு. மொகத்துக்கு அளவா வலை மாதிரி ஒரு முகமூடி செஞ்சு, அத மேசையோட சேத்து மாட்டிருவாங்க. அசையக் கூடாது. பத்து நிமிஷம். வலியே கிடையாது. எனக்கு மொதச் சந்தேகம் அங்கதான் வந்துது. வலிக்காத வைத்தியம் என்ன வைத்தியம்?

ரெண்டாவது சந்தேகம் ரெஜினாள் சிஸ்டர். நாகர்கோவில் பக்கத்துப் பொம்பள, கண்ணாடி போட்டு, சத்தமே வராமப் பேசும். சத்தமில்லாமப் பேசுதவங்கள நான் நம்ப மாட்டேன். மொத நாளே எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு, ‘அய்யா, மூணாவது வாரத்துல இருந்து உங்க வாயெல்லாம் புண்ணாகும். அது நோய் கூடுதுன்னு அர்த்தமில்ல, கரண்டோட வேலை அது. கரண்டு முடிஞ்சா கொஞ்ச நாள்ல ஆறிரும். ஆனா அதுவரைக்கும் வாயச் சுத்தமா வச்சுக்கிடணும், சாப்பாடு உள்ள போகணும். அதுதான் ரெண்டு மாசத்துக்கு உங்க டூட்டி’ன்னுச்சு.

சரி, அதுக்கு மருந்து என்னன்னு கேட்டேன். என்ன சொல்லிச்சு தெரியுமா? காச்சி ஆற வச்ச தண்ணி ஒரு லிட்டர். அதுல ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா. ஒரு நாளைக்கி எட்டுத் தடவ கொப்புளிச்சுத் துப்பணும். அம்புட்டுதான்! கேட்டீரா? உப்பும் ஆப்பச் சோடாவும்! நான் என்ன ஆப்பமா?

அதோட விட்டுச்சா? ‘காரம் வேண்டாம், புளி வேண்டாம், சூடா எதுவும் வேண்டாம், சின்னப் பிள்ளைங்க பிரஷ்ஷா வாங்கிப் பல் தேயுங்க’ன்னு வரிசையாச் சொல்லிட்டு, கடைசியில, ‘மெடிக்கல்ல விக்குத கொப்புளிக்கிற மருந்த வாங்கிராதீங்க, பலதுல ஸ்பிரிட் கிடக்கும், புண்ண இன்னும் உரிச்சிரும்’னு ரெண்டு தடவ சொல்லிச்சு. ரெண்டு தடவ! நான் செக்கிங்காரன் வே. ‘பின் சீட்டுல ஒண்ணும் இல்ல சார்’னு கண்டக்டர் ரெண்டு தடவ சொன்னான்னா நான் நேராப் பின் சீட்டுக்குத்தான் போவேன்.

மறுநாளே பாத்தேன். காத்துக் கிடக்குத ஹால்ல, கார்ல வந்து எறங்குன ஒரு ஆளு. நல்ல சட்டை, கையில மோதிரம். அவரு மக கையில ஒரு பாட்டில். பச்சைப் பாட்டில். என்ன பாட்டில்னு சரியாத் தெரியல, ஆனா பச்சை. அப்பப்ப ஒரு மடக்கு வாயில ஊத்திக்கிடுதாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. காருக்குப் பச்சைப் பாட்டில், பஸ்சுக்கு ஆப்பச் சோடா.

சாயங்காலமே மெடிக்கலுக்குப் போனேன். வாய் கொப்புளிக்கப் பச்சைப் பாட்டில் இருக்கான்னேன். எடுத்துக் குடுத்தான். கம்பெனி சீல் போட்டது, அடர்பச்சைப் பிளாஸ்டிக்கு. வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு ஒரு வாய் ஊத்துனேன் பாரும், கண்ணுல தண்ணி வந்துட்டு. காது வரைக்கும் எரிச்சல். இதுல்லா மருந்துன்னு நெனச்சேன். எரிஞ்சாத்தான் உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம். பாட்டில என் பழைய தோல் பையில, கண்டக்டரா இருந்தப்ப தோள்ல மாட்டுதது, அதுல போட்டு ஆணியில தொங்க விட்டுட்டேன். அந்தப் பைய வீட்டுல யாரும் தொட மாட்டாங்க. அந்தா திரும்பிப் பாக்கா பாத்தீரா? கன்னத்த உப்பிக் காட்டுதா. நான் எவங்கிட்டயோ பேசுதேன்னு பொறுக்கல. பாக்கட்டும்.

மரகதம் தினமும் உப்புத் தண்ணி கலக்கி எவர்சில்வர் சொம்புல கொண்டாந்து வைப்பா. நான் பொறவாசல்ல போயி கறிவேப்பிலைக்கு ஊத்திருவேன். சிஸ்டர் ஒரு அட்டை குடுத்திருந்துது, நாளுக்கு எட்டுக் கட்டம், கொப்புளிக்க கொப்புளிக்க ஒவ்வொண்ணா டிக் போடணும். நான் காலையில எந்திரிச்ச கையோட எட்டுக்கும் போட்டுருவேன். அப்புறம் மறந்துரும்லா.

மறக்கதுன்னதும் ஞாபகம் வருது. இதே ரோட்டுல ஒரு கண்டக்டரப் பிடிச்சேன் வே. வண்டி இன்னும் நாங்குநேரி வரல, அவன் டிரிப் ஷீட்டுல மூணடைப்பு வரைக்கும் எழுதி முடிச்சுட்டான். ஏன்டான்னா, ‘மறந்துரும் சார்’ங்கான்! அன்னைக்கே எழுதிக் குடுத்தேன் மேல. என்ன ஒரு திமிரு பாத்துக்கிடும்.

மூணாவது வாரம் ஆரம்பிச்சுட்டு. மொதல்ல செவப்பா. அப்புறம் வெள்ளை வெள்ளையா. அப்புறம் கன்னத்துக்குள்ள தோலே இல்லாத மாதிரி. எச்சி பசையாட்டம் ஆயிட்டு, அத முழுங்கக்கூட பயம். பேசினா வலி, பேசாட்டியும் வலி. சிஸ்டர்தான் சொல்லிச்சே, எல்லாருக்கும் வாரதுதானேன்னு நீரு கேப்பீரு. எல்லாருக்கும் வந்துது. ஆனா என் கூட வந்த லிங்கதுரைன்னு ஒருத்தர், ஆறுமுகநேரி உப்பளத்துல வேலை பாத்தவரு, எனக்கு ரெண்டு நாள் முன்னாலயே ஆரம்பிச்சவரு, அவருக்கும் புண்ணுதான், ஆனா கஞ்சியக் குடிச்சுட்டு உக்காந்திருக்காரு. எனக்கு மட்டும் தண்ணியே எறங்கல. அப்ப என் வீட்டுல என்னமோ நடக்குதுன்னுதான அர்த்தம்?

கஞ்சி. மரகதம் வைக்க கஞ்சி. ஒரு வாய் வச்சேன், நெருப்பு. ‘ஏளா, இதுல மொளகாப்பொடி போட்டியா?’ன்னேன். ‘நான் ஏங்க போடுதேன்? உப்புகூட அரைக்கல்லுதாங்க’ங்கா. எதித்த வீட்டு பாக்கியத்தக் கூப்பிட்டு, நீ குடிச்சுப் பாருன்னேன். அவ குடிச்சுட்டு, ‘அண்ணாச்சி, இது ருசியே இல்லாம வெறும் பால்கஞ்சியால்லா இருக்கு’ங்கா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ரேஷனுக்குப் போவாங்க, ஒண்ணாத்தான் கோயிலுக்குப் போவாங்க. அவ எப்படி மாத்திச் சொல்லுவா?

சிஸ்டர் இன்னொரு மருந்து குடுத்துச்சு. சாப்பிடுததுக்கு முன்னால வாயில வச்சிருந்து துப்புனா வாய் மரத்துப் போகும், வலி தெரியாம ஒரு கிண்ணம் உள்ள போயிரும்னுச்சு. நான் வேண்டாம்னுட்டேன். வாய் மரத்துப் போச்சுன்னா என்ன ஊத்துதாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணும் கவனிச்சேன். மரகதம் எனக்கு முன்னால சாப்பிடுததே கிடையாது. எனக்கு வச்சுட்டு உள்ள போயிருவா. முப்பத்தாறு வருஷம் எனக்கு எதுத்தாப்புல உக்காந்து, காரக் கொழம்பும் கருவாடுமா, வியர்க்க வியர்க்கத் தின்னவ. மொளகா வத்தல தானே பாத்து வாங்கி, மொட்டமாடியில காயப் போட்டு, மில்லுல பக்கத்துல நின்னு அரைப்பா. அப்படிப்பட்டவ இப்ப ஏன் ஒளிஞ்சு திங்கணும்? என்னத்தத் திங்கா?

ஒரு நாளு அவ கடைக்குப் போயிருந்தப்ப அடுக்களையில திடீர்ச் சோதனை போட்டேன். மொளகாப்பொடி டப்பா, அந்த நீள எவர்சில்வர் டப்பா, அடுப்புக்கு மேல தட்டுல எப்பவும் இருக்கும். தொறந்தேன். காலி! இந்த வீட்டுல அந்த டப்பா ஒரு நாளும் காலியானது கிடையாது வே. தீருததுக்கு ஒரு வாரம் முன்னாலயே அரைச்சு வச்சிருவா. வெறும் காலியா இருந்தாக்கூடப் பரவால்ல. கழுவி, துடைச்சு, உள்ள ஒரு பொட்டுக்கூட இல்லாம. தடயத்தையே அழிச்சுட்டா! அம்புட்டுப் பொடியும் எங்க போச்சு? என் கஞ்சியில போகாம வேற எங்க போச்சு?

நீரு ஏன் அப்படிப் பாக்கீரு? பொண்டாட்டி மேல போயி சந்தேகமான்னா? நான் கெட்ட எண்ணத்துல செஞ்சான்னு சொல்லல. கை தவறியிருக்கலாம். கோவமா இருக்கலாம். டூட்டி டூட்டின்னு நானும் அவள ஒரு எடத்துக்கும் கூட்டிட்டுப் போனதில்ல. எதுன்னாலும் ருசு இருக்குல்லா, டப்பா.

இருபத்திரண்டாவது கரண்டு முடிஞ்ச கையோட எடை பாத்தாங்க. ஆரம்பிச்சப்ப எழுபத்தொண்ணு, அன்னைக்கி அறுபத்தொண்ணு. டாக்டர் வாயத் தொறக்கச் சொன்னாரு, தொறக்க முடியல. ‘நிறுத்துங்க. அஞ்சு நாளு. மூக்கு வழியா டியூப் போட்டு உணவு குடுக்கணும்’னாரு. அப்புறம் என்னப் பாத்து ஒண்ணு சொன்னாரு: ‘பெரியவரே, நடுவுல விடுத ஒவ்வொரு நாளும் நோய்க்கு லாபம்.’ அத அவரு மெதுவாத்தான் சொன்னாரு. அதுவரைக்கும் நான் சாவேன்னு நெனச்சதே இல்ல வே. அன்னைக்கித்தான் நெனச்சேன்.

ரெஜினாள் சிஸ்டர் டார்ச் அடிச்சு வாயப் பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. கிட்டக்க வந்து மோந்து வேற பாத்துச்சு. அப்புறம் அட்டையக் கையில வாங்குச்சு. அப்ப மணி காலையில ஒம்போதரை. எட்டுக் கட்டத்துலயும் டிக் இருந்துது. சிஸ்டர் அட்டையப் பாத்துது, கடிகாரத்தப் பாத்துது, என்னப் பாத்துது. எனக்குப் பேச வாய் வரல, புண்ணு. அப்பத்தான் மரகதம் எந்திரிச்சா. ‘சிஸ்டர், அவுகள ஒண்ணும் கேக்காதீங்க. அட்டையில போட்டது நாந்தான். தண்ணியும் நாந்தான் சரியாக் கலக்கல. தப்பு எம்மேல’ன்னா.

ஒத்துக்கிட்டா! நான் ஒரு வார்த்தை கேக்கல, அவளே ஒத்துக்கிட்டா! என் சர்வீஸ்ல அப்படி ஒரு ஆள் கூட ஒத்துக்கிட்டதில்ல. சொல்லிட்டு சுவரப் பாத்துத் திரும்பி நின்னு அழுதா. குத்தம் செஞ்சவங்க அழத்தான் செய்வாங்க. சிஸ்டர் அவள வெளிய கூட்டிட்டுப் போயி ரொம்ப நேரம் குசுகுசுன்னு என்னமோ பேசிச்சு. என்ன பேசினாங்கன்னு இன்னைக்கி வரைக்கும் எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் உள்ள வந்தப்ப மொகம் சரியில்ல, அது மட்டும் தெரியும்.

அஞ்சு நாளு டியூபோட கிடந்தேன். மறுபடி கரண்டு ஆரம்பிச்சாங்க. இப்பத்தான் நான் சொல்ல வந்த விஷயம், நல்லாக் கேட்டுக்கிடும். வீட்டுக்கு வந்து என் பையத் தொறந்து பச்சைப் பாட்டில எடுத்து ஒரு வாய் ஊத்துனேன். எரியல! மொதத் தடவையா எரியல. வாய்க்குள்ள குளுகுளுன்னு இருந்துது. அப்பப் புரிஞ்சுது, மருந்து புடிச்சுட்டு. இம்புட்டு நாளும் அழுக்க அரிச்சு எடுத்துட்டு, இனிமே ஆத்துதது. எரியாததுனால நானும் அடிக்கடி ஊத்துனேன், எட்டுத் தடவ, பத்துத் தடவ. புண்ணு இருந்துது, இல்லன்னு சொல்லல, ஆனா கஞ்சி எறங்குச்சு. பன்னிரண்டு நாளுல மிச்சம் பதினோரு கரண்டும் முடிஞ்சுது. ஒண்ணரை மாசத்துல வாய் ஆறிட்டு. எல்லாம் அந்தப் பாட்டில்.

அதுலயும் ஒரு அதிசயம் வே. பாட்டில் தீரவே இல்ல. ராத்திரி லேபிளுக்குக் கீழ நிக்கும், காலையில பாத்தா லேபிளுக்கு மேல நிக்கும். நான்தான் தப்பாப் பாத்திருப்பேன்னு விட்டுட்டேன். நல்ல கம்பெனி. நான் சந்தேகப்படாம விட்டது இந்த உலகத்துல அது ஒண்ணுதான்.

இந்தா பாரும், இதான் அந்தப் பாட்டில். அடியில இன்னும் கொஞ்சம் கிடக்கு. இன்னைக்கி அஞ்சாவது மாசச் செக்கப்பு. டாக்டர் மேசையில இத வச்சு, என்னக் காப்பாத்துனது உங்க ஆப்பச் சோடா இல்ல, இதுதான்னு சொல்லப் போறேன். ரெஜினாள் சிஸ்டரும் பக்கத்துல நிக்கணும். நீரும் பேரப் படிச்சு எழுதிக்கிடும். அண்ணனுக்கு நாளைக்கே வாங்கிக் குடுத்துரும். மொதல்ல எரியும், விடக்கூடாது. சிஸ்டர் சொல்லுத உப்புத் தண்ணியெல்லாம்... எழுதிட்டீரா? நல்லது.

இந்த எவர்சில்வர் பாட்டில் வேற, இது மரகதம் குடுத்து விட்டது. கரண்டு வச்சதுல எச்சி வத்திப் போச்சு, வாய் காஞ்சுக்கிட்டே இருக்கும். அதுக்கு இன்னும் உப்புத் தண்ணி கலக்கிக் குடுக்கா. நான் எறங்குத எடத்துல ஊத்திருவேன். ருசியா? அஞ்சு மாசமா ஒண்ணும் தெரியாம இருந்துது. மண்ணத் தின்னாலும் மண்ணுன்னு தெரியாது. இப்பத்தான் ஒரு மாசமா இனிப்பு தெரியுது. உப்பு போன வாரத்துல இருந்துதான் லேசா.

நாங்குநேரி வந்துட்டு. இங்கன பாரும் கூட்டத்த, வெள்ளரிக்காயும் மாங்காயுமா எப்படி முண்டி ஏறுதாங்க. ஒருத்தன்கூடக் கண்டக்டர்ட்டக் கேக்கல. அவனும் ஒண்ணும் சொல்லல, அதக் கவனிச்சீரா?

இரும், இரும். அங்க பாரும். மரகதம் பக்கத்துல இருக்க பொம்பள மாங்காய் வாங்குதா. மொளகாப்பொடி அப்பி இருக்கு, இங்கன இருந்தே செவப்பாத் தெரியுது. ஒரு கீத்து மரகதத்துக்கு நீட்டுதா. வாங்கிட்டா! பாத்தீரா? வாங்கிட்டு என்னப் பாக்காளான்னு பாரும், பாக்கல. இத்தன மாசமா என்னத்த ஒளிஞ்சு திங்கான்னு எனக்குப் பிடிபடவே இல்ல. இன்னைக்கி கையும் களவுமா. என் சீட்டப் பாத்துக்கிடும். ஓடுத வண்டியில நடக்குதது எனக்குப் புதுசா? இந்தா வாரேன்.

*

கொஞ்சம் தள்ளிக்கிடும்.

ஒண்ணுமில்ல. செத்த இரும்.

நான் பின்னால போயி நின்னேன். அவ பாக்கல. தண்ணிப் பாட்டிலத் தொறந்து, ஜன்னலுக்கு வெளிய கைய நீட்டி, அந்த மாங்காய்க் கீத்தக் கழுவுதா. பொடி அம்புட்டும் போறது வரைக்கும், திருப்பித் திருப்பி, வெரலால தடவித் தடவிக் கழுவுதா. பக்கத்துப் பொம்பள என்னப் பாத்துட்டு, ‘அண்ணாச்சி, அக்காவுக்கு வாயில புண்ணா?’ன்னு கேக்கா.

அக்காவுக்கு வாயில புண்ணான்னு கேக்கா வே.

மரகதம் என்ன அங்க எதிர்பாக்கல. கூச்சப்பட்டுட்டா. ‘இல்லம்மா, வீட்டுல காரம் பொழங்குததில்ல, ஏழு மாசமாச்சு. நாக்கு மறந்துட்டு’ன்னா. ‘அவுகளுக்கு வாசம் அடிச்சாக்கூட ஆசை வரும்லா, பாவம்’னா. என்னமோ அடுத்த வீட்டுக்காரரப் பத்திச் சொல்லுத மாதிரி சொல்லுதா. அப்புறம் என்னப் பாத்து, ‘கொப்புளிச்சாச்சா?’ன்னா.

டப்பா காலியாத்தான் இருந்துது. கழுவித்தான் வச்சிருந்தா. அரைக்கவே இல்ல வே அவ. என் கஞ்சியத்தான் அவளும் குடிச்சிருக்கா, உள்ள போயி உக்காந்து. காலி டப்பாவுக்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே. முப்பத்திரண்டு வருஷம் மொகத்தப் பாத்தவன் நான், அவ மொகத்தப் பாக்கலையே.

அந்தப் பச்சைப் பாட்டில இங்க தாரும்.

இல்ல, ஒண்ணு நெனச்சேன். டப்பாவக் கழுவினவ இதக் கழுவியிருக்க மாட்டாளா? ஆஸ்பத்திரியில கிடந்த அஞ்சு நாளுல அவதான வீட்டுக்கும் அங்கனக்குமா அலைஞ்சா. சிஸ்டர் மோந்து பாத்துச்சு. வெளிய கூட்டிட்டுப் போயிப் பேசிச்சு. மூடியில ஒரு சொட்டு, நாக்கு நுனியில வச்சுப் பாக்கேன். பயப்படாதீரும், குடிக்கல.

உப்பு.

உப்புத்தான் வே. பொறவு கொஞ்சம் சோடாக் கரிப்பு. போன வாரம் வரைக்கும் இது எனக்குத் தெரிஞ்சிருக்காது. லேபிளுக்குக் கீழ நின்னது லேபிளுக்கு மேல நின்னுதுல்லா. தினமும் நான் தூங்குனப்புறம் ஊத்தி வச்சிருக்கா. ஒரு நாளும் வாயத் தொறக்கல. சொன்னா நான் அதையும் கறிவேப்பிலைக்கு ஊத்திருப்பேன், அது அவளுக்குத் தெரியும்.

அழுதவளப் பாத்து குத்தம் செஞ்சவன்னு நெனச்சேனே. என்ன மனுசன் நான்?

நீரு எழுதுன அந்தப் பேர அடிச்சிரும். நான் பாக்கேன், அடியும். தாளக் கிழிச்சாலும் சரிதான். அந்த எரிச்சல்தான் என்னப் படுக்க வச்சுது, அஞ்சு நாளு கரண்ட நிறுத்துனது அதுதான். இத எழுதும். காச்சி ஆற வச்ச தண்ணி ஒரு லிட்டர். உப்பு ஒரு ஸ்பூன். ஆப்பச் சோடா ஒரு ஸ்பூன். தினமும் புதுசாக் கலக்கணும். எட்டுத் தடவ. வாய் மரத்துப் போகுத மருந்து குடுத்தா வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு அண்ணன்ட்டச் சொல்லும். அட்டை குடுப்பாங்க. கொப்புளிச்சதுக்கு அப்புறம் டிக் போடச் சொல்லும். முன்னாலயே போட்டா... அந்தக் கண்டக்டர் பேரு முருகேசபாண்டி. நான் எழுதிக் குடுத்ததுல மூணு மாசம் வேலையில்லாம வீட்டுல இருந்தான்.

சிஸ்டர்ட்ட இன்னைக்கிச் சொல்லணும். அட்டையில போட்டது நாந்தான், பச்சைப் பாட்டில் வாங்குனதும் நாந்தான்னு. அதுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சாலும் நான் சொல்லணும்லா. மரகதம் பக்கத்துல நிக்கும்போது சொல்லணும். இந்தப் பாட்டில் மேசைக்குப் போகட்டும், பேச்சு மட்டும் மாறட்டும்.

அந்தா, திரும்பிட்டா. மறுபடியும் கன்னத்த உப்பிக் காட்டுதா. நீரும் பாத்தீர்லா? கொப்புளிக்கச் சொல்லுதா வே. வள்ளியூர்ல ஏறுனதுல இருந்து அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கா.

அந்த எவர்சில்வர் பாட்டில எடும். ஜன்னல விட்டுக் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உக்காரும், உம்மேல படப் போகுது. அவ பாத்துக்கிட்டு இருக்கா.